மோட்டார் போடாதீங்க

சிந்தாதிரிப்பேட்டையில் ஒற்றை அறை.
அறைக்குள்ளேயே அடுப்பு,
அடுப்பு மேடையை ஒட்டியே எங்கள் படுக்கை.
மார்கழி என்று ஜன்னலை இறுக்கி மூடியிருந்தேன்.
அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை
தூக்கத்துக்குள் வந்து தோளைத் தட்டியது.

கை தானாக சுவிட்ச் போர்டுக்குப் போனது.
விரலுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு சாண்.
அங்கேயே நின்றது.

எப்போதோ சிலிண்டர் இறக்க வந்த பையன்
சில்லறைக்குக் காத்திருந்தபோது சொன்னான்:
“வாடை வந்தா லைட்டைப் போடாதீங்கக்கா.
எரிஞ்சிட்டிருந்தா அணைக்கவும் அணைக்காதீங்க.
அந்தச் சின்னப் பொறி போதும்.”
சொல்லிவிட்டு இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டான்.
அன்றைக்கு அந்த இருபதுதான் பெரிதாகத் தெரிந்தது.

கேஸ் மேலே போகாதாம்.
சிந்திய தண்ணீர் மாதிரி தரையில் படியுமாம்.
தரையில்தான் என் மகன்,
வாயைத் திறந்துகொண்டு.
பாயோடு அள்ளித் தோளில் போட்டேன்,
கதவைத் திறந்தேன்,
தெருவிளக்குக்கு அடியில் நின்ற
இஸ்திரி வண்டியின் பலகைமேல் கிடத்தினேன்.
அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே.
இருட்டில் என் கைகளுக்கு வழி தெரியும்;
பதினோரு வருஷமாக அவை போய்வரும் பாதை.
அடுப்பின் இரண்டு திருகுகளும் மூடித்தான் இருந்தன.
குனிந்து ரெகுலேட்டரைத் தடவி முறுக்கினேன்.
டக்.
பாம்பு மாதிரி இருந்த ஏதோ ஒன்று
சீறுவதை நிறுத்தியது.
அது நின்ற பிறகுதான்
அதுவரை சீறியதே என் காதில் விழுந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.

அப்போது படியில் செருப்புச் சத்தம்.
நாலரை. மெட்ரோ வாட்டர் வரும் நேரம்.
மாடி வீட்டு மெர்சலின் இறங்குகிறாள்.
மோட்டார் சுவிட்ச் என் ஜன்னலுக்கு அரையடி தள்ளி.

ஆடியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
உன் தொட்டி நிரம்பும்வரை
என் குழாயில் காற்றுதான் வருகிறது என்றேன் நான்.
அப்போ காத்தைப் பிடிச்சு வெச்சுக்க என்றாள் அவள்.

“மோட்டார் போடாதீங்க!”
ஐந்து மாதத்துக்குப் பிறகு என் முதல் சொல்.
“ஏன், இன்னைக்கு உன் முறையா?”
“கேஸ்.”

சுடுபாத்திரத்தைத் தொட்டவள்போல்
கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.
அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டே எல்லாம் செய்தாள்.
நாலு வீட்டுக் கதவையும் தட்டினாள்,
ஒருத்தரும் ஒரு சுவிட்சும் தொடக்கூடாது என்றாள்,
தெருமுனைக்கு ஓடி அங்கிருந்து போன் பண்ணினாள்.
எட்டுக் குடும்பம் நைட்டியிலும் கைலியிலும்
தெருவில் நின்று கொட்டாவி விட்டது.
குழாய்த் தண்ணீர் வந்தது, போனது,
யாரும் பிடிக்கவில்லை.

விடிந்ததும் ஏஜென்சி ஆள் வந்தார்.
ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கி
டியூப் முழுக்கப் பூசினார்.
மேடைக்குப் பின்னால் மடிந்திருந்த இடத்தில்
ஒரு குமிழி.
உப்பியது, உடைந்தது,
மறுபடி உப்பியது.
குழந்தையின் எச்சில் குமிழி மாதிரி
அவ்வளவு சின்னது.

அச்சிட்டிருந்த தேதியை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.
“காலாவதியாகி மூணு வருஷம் ஆச்சும்மா.”
பச்சை நிறம் பிடித்திருக்கிறது என்று
பிளாட்பாரக் கடையில் நான் பேரம் பேசி வாங்கியது.
நானே மாட்டியது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
மெர்சலினுக்குத் தெரியும்; அவளும் சொல்லவில்லை.

உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு டியூப் வந்தது.
மறுபடி நுரை பூசி, மறுபடி பார்த்து,
குமிழி இல்லை என்றானதும் பற்ற வைத்தார்.
நீலம். ஓரத்தில்கூட மஞ்சள் இல்லை.
கேன் தண்ணீரில் டீ போட்டேன்.
“சர்க்கரை கம்மி” என்றாள் மெர்சலின்,
தம்ளரைக் காலி செய்துவிட்டு.

மறுநாள் நாலரைக்குச் செருப்புச் சத்தம்
என் ஜன்னலருகே நின்றது.
மூக்கை இரண்டு தரம் உறிஞ்சும் ஓசை.
அதற்கப்புறம்தான் மோட்டார் ஓடியது.

என் குழாயில்,
வழக்கம்போல, காற்று.